நாரணாபுரத்தின் முதலாளி யார்?

விருதுநகர்க்காரர் ஒருவர் தம் ஊர் சிமென்ட் ஆலையில் பங்குதாரர் ஆவதற்கு இன்றைக்கு ஒரு செல்போன் போதும். ராம்கோ சிமென்ட்ஸின் முதல் ஆலை விருதுநகருக்குப் பக்கத்தில் ராமசாமி ராஜா நகரில் 1960களின் தொடக்கத்தில் எழுந்தது. அந்த நிறுவனத்தின் பங்கு மும்பையில் நாள்தோறும் கைமாறுகிறது. 1936இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் பங்கும் அப்படியே. ஆனால், சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை ஏதாவது ஒன்றில் ஆயிரம் ரூபாய் போட்டுப் பங்குதாரர் ஆகலாமே என்று அவர் ஆசைப்பட்டால், அதற்கு வழியே கிடையாது.

இந்தியா வெடிக்கும் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள். ஆண்டு வியாபாரம் 6,000 கோடி ரூபாய் என்பது உற்பத்தியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு. இவ்வளவு பெரிய தொழிலில் பெயர் சொல்லும்படியான ஒரு நிறுவனம்கூடப் பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லை. எல்லாம் குடும்பச் சொத்து, கூட்டாளி வியாபாரம், மிஞ்சிப்போனால் பிரைவேட் லிமிடெட். வெளியார் காசில்லாமல் வளர்ந்த ஊர் என்று இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பெருமைப்பட நியாயமும் உண்டு. அந்தப் பெருமைக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

மூலதனச் சந்தை என்றதும் டி.வி.யின் அடியில் ஓடும் பச்சை, சிவப்பு எண்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அது கதையின் பிற்பாதி. முற்பாதி வேறு. ஆலை கட்டுகிறவருக்கு இருபது, முப்பது ஆண்டுகளுக்குத் திரும்பக் கேட்காத பணம் வேண்டும். பணம் போடுகிறவருக்கோ அடுத்த தை மாதமே வீட்டில் கல்யாணம் வரலாம். இந்த இரண்டு பேரையும் ஒரே பேரத்தில் உட்கார வைப்பதுதான் சந்தையின் சாமர்த்தியம். நிறுவனம் முதலைத் திருப்பித் தர வேண்டியதில்லை. போட்டவர் தன் பங்கை இன்னொருவருக்கு விற்றுவிட்டு வெளியேறலாம். முதல்முறை பங்கு விற்கும்போது மட்டுமே பணம் நிறுவனத்துக்குப் போகிறது. அதற்குப் பிறகு பங்கு எத்தனை கை மாறினாலும் நிறுவனத்துக்குக் காலணா வராது. ஆனாலும் அந்தக் கைமாற்றம் நடக்கும் இடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் முதலில் ஆள் வருகிறது. கடன்பத்திரம் இன்னொரு வகை. அதில் வட்டி உண்டு, தவணை உண்டு, லாபத்தில் பங்கு கிடையாது. நிறுவனம் நொடித்தால் கடன்பத்திரக்காரருக்குக் கொடுத்த பிறகு மிச்சம் இருந்தால்தான் பங்குதாரருக்கு.

முகம் தெரியாதவர் பணம் போட வேண்டுமானால் அதற்குச் சந்தை விதிக்கும் நிபந்தனை, கணக்கைக் காட்டு என்பது. உரிமையாளர் யார், கடன் எவ்வளவு, என்னென்ன வழக்கு நிலுவையில் இருக்கிறது, அடுத்த ஆண்டு எதனால் நஷ்டம் வரலாம் என்றெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 1988இல் அமைக்கப்பட்டு 1992இல் சட்ட அதிகாரம் பெற்ற, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் வேலையில் பெரும்பகுதி இந்த எழுத்தை வாங்குவதும் பொய் எழுதினால் பிடிப்பதும்தான். மற்ற அமைப்புகள் எல்லாம் இதைச் சுற்றி வந்தவை: பங்கைக் காகிதத்திலிருந்து மின்னணுப் பதிவாக்கிய டெபாசிட்டரிகள், வாங்கியவர் ஏமாற்றினாலும் விற்றவருக்குப் பணம் வந்து சேரப் பொறுப்பேற்கும் தீர்வகங்கள், கடன்பத்திரத்துக்கு மார்க் போடும் தர நிர்ணய நிறுவனங்கள்.

இந்தப் பேரம் தெற்கத்திச் சீமைக்கு அந்நியமானதல்ல. நாடார் மகாஜன சங்கத்தில் பேசி முடிவெடுத்து, 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. வியாபாரிகள் போட்ட பங்கு முதலில் பிறந்த வங்கி அது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் என்று பெயர் மாறியது. எழுபது ஆண்டுக்கு மேல் அதன் பங்குகள் தெரிந்தவர்களுக்குள்ளேயே கிடந்தன. சந்தை விலை கிடையாது. விற்க நினைத்தவருக்கு வாங்குகிறவரைத் தேடுவதே பெரும்பாடு. 1990களின் நடுவில் எஸ்ஸார் குழுமம் வந்து மூன்றில் இரண்டு பங்கை வாங்கியபோதுதான் ஊர் விழித்துக்கொண்டது. நம் வங்கி கைவிட்டுப் போகிறதே என்று கிளர்ச்சி நடந்தது, மீட்பு இயக்கம் நடந்தது. இடையில் பங்குகள் தொழிலதிபர் சி.சிவசங்கரன் கைக்குப் போய், பேச்சுவார்த்தை, நீதிமன்றம், ரிசர்வ் வங்கி என்று கதை நீண்டது. பங்கை விற்றவர்கள் ஏற்கெனவே பங்கு வைத்திருந்த நம்மவர்கள்தானே என்ற சங்கடமான உண்மையை அப்போது யாரும் உரக்கப் பேசவில்லை.

அந்த வங்கி 2022 செப்டம்பரில்தான் பொதுமக்களிடம் வந்தது. பங்கு ஒன்று 510 ரூபாய் என்று விலை முடிவாகி, ஏறத்தாழ 808 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. விண்ணப்பித்தவர்கள் பணத்தைத் தூக்கிக் கொடுக்கவில்லை. ஒதுக்கீடு ஆகும்வரை அவரவர் வங்கிக் கணக்கிலேயே முடங்கிக் கிடக்கும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. வங்கியின் பங்கு மூலதனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வழக்குகளில் சிக்கியிருக்கிறது என்று விண்ணப்ப ஆவணத்திலேயே எழுதியிருந்தார்கள். செப்டம்பர் 15 அன்று பட்டியலிட்டபோது தேசியப் பங்குச் சந்தையில் 495 ரூபாய்க்குத் தொடங்கியது. முதல் நாளே நஷ்டம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அது சந்தை தன் வேலையைச் செய்ததாகவே பட்டது. வழக்கு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். படித்தவர்கள் படித்துவிட்டு விலையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டார்கள். முப்பதாண்டுச் சண்டைக்கு ஊரறிய ஒரு விலை கிடைத்தது.

சிவகாசி வேறு பாதையில் போனது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி, 1923இல் சிவகாசியில் அதைத் தொடங்கிய கதை பலருக்கும் தெரியும். அதே 1923இல் ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டிக் கம்பெனி இந்தியாவில் விம்கோ என்ற தீப்பெட்டி நிறுவனத்தைத் தொடங்கியது பலருக்குத் தெரியாது. ஸ்வீடன் கம்பெனிக்குப் பின்னால் இருந்தவர் ஐவர் குரூகர். உலகம் அவரைத் தீப்பெட்டி ராஜா என்று அழைத்தது. அவர் நியூயார்க்கில் பன்னாட்டுத் தீப்பெட்டிக் கழகம் என்று ஒன்றை நிறுவி அமெரிக்கர்களிடம் பங்கும் பத்திரமும் விற்கத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அந்தப் பணத்தை எடுத்து அரசாங்கங்களுக்குக் கடன் கொடுப்பார். பதிலுக்கு அந்த நாட்டில் தீப்பெட்டி விற்கும் ஏகபோக உரிமையை எழுதி வாங்கிக்கொள்வார். பிரான்ஸுக்கு 1927இல் 7.5 கோடி டாலர். ஜெர்மனிக்கு 1929இல் 12.5 கோடி டாலர். உலகத் தீக்குச்சியில் பாதிக்கு மேல் அவர் பிடியில் இருந்தது. பங்குதாரர்களுக்கு 20 சதவீதத்துக்கும் மேல் ஈவுத்தொகை கிடைத்ததால் யாரும் கணக்குக் கேட்கவில்லை. கேட்டாலும் காட்டியிருக்க மாட்டார். ரகசியம்தான் தொழிலின் உயிர் என்பது அவருடைய கொள்கை.

1932 மார்ச் 12 அன்று பாரிஸ் நகரில் தன் வீட்டில் சுட்டுக்கொண்டு செத்தார் குரூகர். பெட்டகத்தைத் திறந்தால் இத்தாலிய அரசின் பெயரில் கள்ளப் பத்திரங்கள். கையெழுத்தைப் போட்டவரே அவர்தான். பணம் போட்ட அமெரிக்கர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு, 1933இல், அமெரிக்கப் பத்திரச் சட்டம் வந்தது. பொதுமக்களிடம் பங்கு விற்கும் நிறுவனம் உண்மைகளை வெளியிட வேண்டும், தணிக்கை செய்த கணக்கைக் காட்ட வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. 1929 வீழ்ச்சி அதற்குப் பெரிய காரணம் என்றாலும், அந்த விவாதங்களில் குரூகரின் பெயர் அடிபட்டுக்கொண்டே இருந்தது. இன்று மும்பையில் ஒரு நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளியிடுகிறது என்றால், அதன் முன்னோர்களில் ஒரு தீப்பெட்டி வியாபாரியின் மோசடியும் உண்டு.

சிவகாசி அந்தப் புயலில் சிக்கவில்லை. கையால் செய்யும் தீப்பெட்டிக்குக் கலால் வரியில் கிடைத்த சலுகையும் உறவுமுறைக் கடனும் சேர்ந்து, விம்கோவின் இயந்திரத்தோடு போட்டி போட்டு ஜெயித்தன. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிரித்துப் பள்ளிக்கூடம் கட்டிய வட்டாரம் இது. பத்திரமும் கையெழுத்தும் இல்லாமல், நாணயத்தை நம்பி லட்சக்கணக்கில் கைமாறிய பணம் பொய்யல்ல. அங்கே ஒருவர் ஏமாற்றினால் செபி தேவையில்லை. மறுநாள் கல்யாண வீட்டில் அவருக்குப் பந்தியில் இடம் இருக்காது.

பட்டாசு ஆலைகள் சந்தைக்கு வராததற்கு உறவுமுறையை மட்டும் காரணம் சொல்ல முடியாது. சட்டமே அவர்களைச் சிறியவர்களாக வைத்திருந்தது. பட்டாசும் தீப்பெட்டியும் சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. ஊறுகாய், ரொட்டி, அகர்பத்தி ஆகியவற்றோடு சேர்த்துக் கடைசி 20 பொருட்கள் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 2015 ஏப்ரலில்தான். அதுவரை முதலீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. வேறொரு தொழில் நிறுவனம் சிறுதொழிலில் 24 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. பெரிதாக வளர்ந்தால் சலுகை போய்விடும் என்றால், யார் பெரிதாக வளர்வார்கள்? ஒரு குடும்பம் பத்து லைசென்ஸ் வாங்கிப் பத்து ஆலை நடத்தும். ஒரே ஆலையாக ஆக்காது. அதோடு வெடிபொருள் விதிகள் அறைக்கு அறை இடைவெளி, அறைக்கு இத்தனை ஆள், இத்தனை கிலோ மருந்து என்று வரம்பு கட்டுகின்றன. அது உயிர்காக்கும் விதி, குறைசொல்ல முடியாது. ஆனால், பங்குச் சந்தை விரும்பும் பிரம்மாண்டம் இந்தத் தொழிலின் உடம்புக்கே ஒட்டாது.

அப்படியானால், ஆலை ஓடுவதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? தீபாவளி முடிந்து ஆலை திறந்ததும் அலுமினியப் பவுடர், வெடியுப்பு, காகிதம் எல்லாம் வாங்க வேண்டும். சரக்கு பெரும்பாலும் கடனுக்குத்தான் போகும். வசூல் அடுத்த தீபாவளி கழித்து. இடையில் ஏறக்குறைய ஓராண்டு. வடக்கத்திப் பார்ட்டி கொடுக்கும் அட்வான்ஸ், வீடு நிலத்தை வைத்து வாங்கிய வங்கிக் கடன், தெரிந்தவர் கைமாற்று, வட்டிக்காரர். மருந்துச் சரக்கை அடமானமாக ஏற்க வங்கி தயங்கும். அட்வான்ஸ் கொடுத்தவரோ விலையைத் தான் சொல்வார்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் சேர்ப்பதற்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அந்த ஆண்டு தீபாவளிக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. பட்டியலில் உள்ள நிறுவனத்துக்கு இப்படி ஓர் இடி விழுந்தால் 24 மணி நேரத்துக்குள் சந்தைக்குச் சொல்லியாக வேண்டும். பங்கு விலை விழும், நஷ்டம் நாடெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான பங்குதாரர்களிடையே சிதறும். தலைக்கு ஒரு சில ஆயிரத்தோடு போகும். சிவகாசியில் அந்த நஷ்டம் சிதறவில்லை. சிறு முதலாளியின் வீட்டுப் பத்திரத்திலும் தொழிலாளியின் அடுப்படியிலும் இறங்கியது.

நஷ்டத்தைப் பங்குபோட ஆள் இல்லாத இடத்தில் அது கீழே தள்ளப்படும். இங்கே அதற்கு ஒரு வழியே உண்டாகிவிட்டது: உள்குத்தகை. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் அறைகளைப் பிரித்து, அறைக்கு இவ்வளவு என்று வேறு சிலரிடம் விட்டுவிடுவார். அவருக்கு வாடகை நிச்சயம், விபத்து அவருடையதல்ல. குத்தகைக்கு எடுத்தவருக்கோ ஒரே ஒரு சீசன்தான் கணக்கு. அதற்குள் போட்ட காசை எடுக்க வேண்டும். நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் எட்டுப் பேர், இடம் போதாமல் மரத்தடியில் ஃபேன்ஸி ரகப் பட்டாசு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆலை பலருக்குப் பிரித்துக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த குழுவின் விசாரணையில் வெளிவந்தது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 40 பேர்வரை இறந்தபோதும் குத்தகைதான் பேச்சாக இருந்தது. உரிமத்தை இப்படி வாடகைக்கு விடுவது விதிப்படி குற்றம். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ஆய்வுக்குழு வரும், சில லைசென்ஸ்கள் நிறுத்தப்படும், ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டுக் கடைகளில் விற்பனை தொடங்கும்.

இன்னொரு பக்கம், இதே ஊர்களின் சேமிப்பு சந்தைக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாட்டில் பங்குகளை மின்னணுப் பதிவாக வைத்திருக்கும் டீமேட் கணக்குகள் 2025இல் 19 கோடியைத் தாண்டிவிட்டன. சிவகாசி டீக்கடையில் ஆப்ஷன் விலை பேசும் இளைஞர்களை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். ஆலைக்கு முதல் சேராத ஊரில், எங்கோ மும்பையில் உள்ள ஒரு குறியீட்டு எண் வியாழக்கிழமை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுகிறார்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இந்த வகை வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று செபியே ஆய்வு செய்து சொல்லிவிட்டது. ஆப்ஷன் போன்ற முன்பேர ஒப்பந்தம் தன்னளவில் பாவமல்ல. விலை ஏற்றத்தாழ்விலிருந்து காத்துக்கொள்ள வந்த கருவி. விருதுநகர் பருப்பு வியாபாரிக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் சரக்கும் இல்லை, காக்க வேண்டிய விலையும் இல்லை என்றால் அது சூதாட்டம்.

ஊர்ச் சேமிப்பு போகும் வழிகளில் வீடுகளில் பெண்கள் கட்டும் தீபாவளிச் சீட்டு இன்னொன்று. மாதாமாதம் கட்டினால் பட்டாசும் இனிப்பும் வெள்ளிக்காசும் கிடைக்கும். தெரிந்த கடைக்காரர், பல ஆண்டுப் பழக்கம். பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் பதிவில்லை, தணிக்கையில்லை. நடத்துகிறவர் ஓடிவிட்டால் 2019இல் வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டத் தடைச் சட்டத்தின் கீழ் புகார் எழுதிக் காத்திருக்க வேண்டியதுதான்.

என்ன செய்யலாம்? பட்டாசு ஆலைகளை எல்லாம் பங்குச் சந்தையில் பட்டியலிடு என்று சொல்ல நான் வரவில்லை. சிறு நிறுவனங்களுக்கென்று 2012இல் தொடங்கிய தனிச் சந்தையில் என்ன நடந்தது என்று பார்த்தோம். டில்லியில் இரண்டு மோட்டார் சைக்கிள் ஷோரூம் மட்டும் வைத்திருந்த ஒரு நிறுவனம் 2024 ஆகஸ்டில் 12 கோடி கேட்டு வந்தது. 4,700 கோடிக்கும் மேல் விண்ணப்பம் குவிந்தது. அந்தப் பைத்தியம் நாரணாபுரத்துக்கு வேண்டாம்.

வேறு கருவிகள் இருக்கின்றன. சிவகாசியின் அச்சகங்களும் அட்டைப்பெட்டி ஆலைகளும் பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்கின்றன. அந்த பில்லை மின்னணு மேடையில் வைத்து, பல வங்கிகள் போட்டி போட்டுத் தள்ளுபடி கேட்க, இரண்டு நாளில் காசாக்கும் டிரெட்ஸ் ஏற்பாடு 2017 முதல் நடக்கிறது. 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்கள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவும் போட்டுவிட்டது. அச்சகக்காரர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். பட்டாசுக்கு இது அவ்வளவாக உதவாது. அங்கே வாங்குகிறவர் பெரிய கம்பெனி அல்ல, பீகாரிலோ உத்தரப் பிரதேசத்திலோ உள்ள மொத்த வியாபாரி. அவர் பில்லை எந்த வங்கியும் நம்பாது.

பட்டாசுத் தொழில் சந்தையிடமிருந்து கடன் வாங்க வேண்டியது பணத்தை அல்ல, ஒரு பழக்கத்தை. பட்டியலிலுள்ள எந்த நிறுவனமும் ஒவ்வொரு காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள், தன் பங்கு யார் யார் கையில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று வெளியிட வேண்டும். ராஜபாளையம் மில்ஸின் உரிமையாளர்கள் யார் என்று அமெரிக்காவில் இருப்பவர்கூட இன்று பார்த்துக்கொள்ளலாம். நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு ஆலையின் நான்காம் எண் அறையை உண்மையில் நடத்துகிறவர் யார் என்று, அதில் திரி செருகும் பெண்ணுக்குத் தெரிய வழியில்லை. விபத்து நடந்து, முதல் தகவல் அறிக்கை எழுதும்போது காவல் துறைக்குத்தான் முதலில் தெரிகிறது.

இதை மாற்றப் பங்குச் சந்தை வர வேண்டாம். நாக்பூரில் உள்ள மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு தந்த லைசென்ஸ் ஆனாலும் மாவட்ட நிர்வாகம் தந்த லைசென்ஸ் ஆனாலும், உரிமதாரர் யார், நடத்துகிறவர் யார், எந்த அறையில் எத்தனை பேருக்கு அனுமதி, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்ற நான்கு விவரங்களைக் காலாண்டுக்கு ஒருமுறை வாங்கி இணையத்திலும் ஆலை வாசலிலும் தமிழில் வெளியிட்டால் போதும். பொய் எழுதிக் கொடுத்தால் பட்டியல் நிறுவனத்துக்கு என்ன தண்டனையோ அதே கடுமை இங்கும் வேண்டும். விவரம் சுத்தமாக இருக்கும் ஆலைக்கு வட்டியில் அரை சதவீதம் குறைத்துத் தர, தொழில் முதலீட்டுக் கழகத்தையும் வங்கிகளையும் அரசு கேட்கலாம். ஒழுங்கானவருக்குப் பணம் மலிவாகக் கிடைக்கும் என்றால், உள்குத்தகைக்கு விடுகிறவரை மற்ற முதலாளிகளே தட்டிக்கேட்பார்கள்.

தொழிலைக் காப்பாற்றச் சொல்லி உற்பத்தியாளர் சங்கங்கள் டில்லிக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நடையாய் நடக்கின்றன. அடுத்த முறை போகும்போது இந்த நான்கு விவரங்களின் பட்டியலைத் தாங்களே தயாரித்துக் கையோடு கொண்டு போகட்டும்.